எஸ்பெராண்டோவா, பிலிப்பினோவா: பழவங்காடியிலிருந்து ஒரு தீர்ப்பு

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயில் வாசலில் தேங்காய் உடைபடும் சத்தம் விடிந்ததிலிருந்து ஓயாது. ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள கோயில் அது. திருவிதாங்கூர் நாயர் படை தொடங்கிவைத்த வழக்கம், இப்போது இந்திய ராணுவத்தோடு தொடர்கிறது. வாசலில் தேங்காய் விற்பவர்கள் கரமனையிலிருந்து வந்த மாமியிடம் தமிழில் விலை சொல்வார்கள், பேட்டைக்காரரிடம் மலையாளத்தில், பத்மநாபசாமியைத் தரிசித்துவிட்டு வரும் வடநாட்டுக் கூட்டத்திடம் இந்தியில். கூப்பிடு தூரத்தில் சாலைக் கடைத்தெரு. அங்கே பாத்திரக்கடை வைத்துக்கொண்டு தமிழில் கதை எழுதிய ஆ. மாதவன் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தானாகக் கற்றுக்கொண்டு 2015இல் சாகித்திய அகாதமி விருது வரை போனார். நீல. பத்மநாபன் இரண்டு மொழியிலும் எழுதியவர். இந்த வட்டாரத்தில் ஒருவருக்கு மூன்று மொழி தெரியும் என்பது செய்தியே இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த மொழி கற்க எளிது என்று எழுதப்படும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை, ஒரே ஒரு மொழி மட்டும் தெரிந்த ஐரோப்பியரையோ அமெரிக்கரையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதே கேள்வியைக் கிழக்கேகோட்டைப் பக்கம் நின்று கேட்டால் கணக்கு மாறிவிடுகிறது. எனவே நான் எடுத்துக்கொள்ளும் ஆள் இவர்: வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வேலையில் ஆங்கிலம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கத் தயார். கையில் இரண்டு பெயர்கள் வைத்திருக்கிறார், எஸ்பெராண்டோ, பிலிப்பினோ. எதை எடுக்கச் சொல்வது?

பிழைப்புக்காகக் கேட்கிறார் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஜெர்மன் படிக்கச் சொல்லி அனுப்பிவிடலாம். கேரளத்து நர்சுகளை ஜெர்மனிக்கு அனுப்பக் கேரள அரசு அமைப்பான நோர்க்காவே திட்டம் நடத்துகிறது. அந்தக் கேள்வி இங்கே இல்லை. பிழைப்பைத் தாண்டி, விரும்பி ஒரு மொழி படிப்பவருக்குத்தான் இந்தத் தேர்வு. இரண்டுமே கற்பனையான தேர்வுகளும் அல்ல. எஸ்பெராண்டோ செல்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. டுவோலிங்கோ செயலியில் 2015 முதல் அதற்குப் பாடம் இருக்கிறது. பிலிப்பினோவோ, வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டியிருக்கும் இந்த ஊருக்கு ஏற்கெனவே காதில் விழுந்த மொழி. துபாய், ரியாத், குவைத் ஆஸ்பத்திரிகளில் மலையாளி நர்சும் தமிழ் நர்சும் பிலிப்பைன்ஸ் நர்சும் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒரு விசித்திரமான பொருத்தம் உண்டு. 1887இல் வார்சாவில் ஒரு கண் மருத்துவர், டாக்டர் எஸ்பெராண்டோ என்ற புனைபெயரில் ரஷ்ய மொழியில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவர் லுத்விக் சாமென்ஹோஃப். அதே 1887இல் பெர்லினில் இன்னொரு கண் மருத்துவர் ஒரு நாவலை அச்சிட்டார். அவர் பிலிப்பைன்சின் ஹோசே ரிசால், நாவல் 'நோலி மே தாங்கெரே'. ரிசாலை ஸ்பானிய அரசு 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொன்றது. அந்த நாளையே தேர்ந்தெடுத்து 1937இல் குடியரசுத் தலைவர் மானுவேல் கேசோன், தகாலோக்கை அடிப்படையாகக் கொண்டு ஒரு தேசிய மொழி அமையும் என்று அறிவித்தார். 1959இல் அதற்குப் பிலிப்பினோவின் முந்தைய வடிவமான 'பிலிபினோ' என்று பெயர் வந்தது, 1987 அரசியல் சட்டம் பிலிப்பினோ என்று உறுதிப்படுத்தியது. ரிசால் தன் நாவலை எழுதியது ஸ்பானிய மொழியில் என்பது வேறு கதை.

ஆக, இரண்டும் திட்டமிட்டு நிலைநிறுத்தப்பட்ட மொழிகள். ஒன்றை ஒரு தனி மனிதர் மேசையில் உட்கார்ந்து செய்தார். மற்றதை ஓர் அரசு, இருந்த மொழி ஒன்றை எடுத்துப் பெயர் மாற்றிப் பள்ளிக்கூடங்களில் ஏற்றியது. எது கற்பவருக்கு நல்லது என்று பார்க்கும்போது இந்தப் பிறப்பு வேறுபாடு கடைசிவரை கூடவே வரும்.

எளிமையிலிருந்து தொடங்குவோம், எஸ்பெராண்டோவின் பெரிய வாக்குறுதியே அதுதான். வாக்குறுதி பொய்யில்லை. பெயர்ச்சொல் என்றால் ஓ, பெயரடை என்றால் ஆ. நிகழ்காலம் -அஸ், இறந்தகாலம் -இஸ், எதிர்காலம் -ஓஸ். எண்ணும் இடமும் பாலும் எதுவும் வினையைத் தொடாது. விதிவிலக்கு இல்லை. எழுதியபடியே படிக்கலாம். வேர்ச்சொல்லில் ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம்: சானா என்றால் நலமான, மல்சானா நோயுற்ற, மல்சானூலோ நோயாளி, மல்சானுலேயோ ஆஸ்பத்திரி. ஒட்டுநிலை மொழிக்காரர்களான நமக்கு இது பழகிய வீட்டு முற்றம்.

சில இடங்களில் ஐரோப்பியரைவிட நமக்குத்தான் அது அதிகம் இணங்குகிறது. உதாரணமாக எச்சங்கள். வந்த பையன், வருகிற பையன், வரப்போகும் பையன் என்று தமிழ் மூன்று காலத்துக்கும் பெயரெச்சம் வைத்திருக்கிறது. எஸ்பெராண்டோவும் அப்படியே வைத்திருக்கிறது: -இந்தா, -அந்தா, -ஒந்தா. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைப் படிக்கும்போது பெருமூச்சு விடுவார். நாம் ஒரே மாலையில் தாண்டிவிடலாம்.

இரண்டாம் வேற்றுமையில்தான் வேடிக்கை. எஸ்பெராண்டோவில் செயப்படுபொருளுக்கு ஒரு 'ன்' சேர வேண்டும், ஆங்கிலேயர்கள் அதில் தடுக்கி விழுவது பிரசித்தம். நமக்கு ஐ உருபு உண்டு, எனவே சிக்கலில்லை என்று தோன்றும். ஆனால் நாம் எப்போதும் ஐ போடுவதில்லையே. 'தேங்காய் வாங்கினாள்' என்போம், குறிப்பிட்ட தேங்காய் என்றால்தான் 'தேங்காயை வாங்கினாள்'. எஸ்பெராண்டோவில் அந்தச் சலுகை கிடையாது. எந்தத் தேங்காயானாலும் 'லா விரீனோ அச்சேத்திஸ் கொக்கோசோன்' என்று 'ன்' போட்டே ஆக வேண்டும். ஆங்கிலேயர் எல்லா இடத்திலும் மறப்பதை நாம் பாதி இடங்களில் மறப்போம். இது எந்தப் பாடநூலிலும் எச்சரிக்கையாக வராது, ஏனென்றால் பாடநூல்கள் நமக்காக எழுதப்படவில்லை.

ஒலி இன்னொரு முள். காபிக்குக் கஃபோ, தலைக்குக் கபோ. 'ஃப'வைப் 'ப' ஆக்கும் நாக்கோடு ஒருவர் மாநாட்டு உணவகத்தில் காபி கேட்டால் தலையைக் கேட்டதாகிவிடும். பெயரடையும் பெயரோடு சேர்ந்து பன்மையாக வேண்டும், வேற்றுமை ஏற்க வேண்டும் என்பது நமக்கு வீண் சுமை. 'லா' என்ற சுட்டை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பட்ட அதே பாடு. இவை எல்லாம் சேர்ந்தாலும் எஸ்பெராண்டோ கடினமாகிவிடாது. மூன்று மாதத்தில் கட்டுரை படிக்கும் அளவுக்கு வந்துவிட முடியும் என்றே சொல்வேன், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வேர்ச்சொற்கள் லத்தீன், ஜெர்மானிய, ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தவை. நமக்கு அவை பிடிபடுவது ஆங்கிலம் தெரிந்திருப்பதால். ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு நெடுமங்காட்டிலோ மார்த்தாண்டத்திலோ எஸ்பெராண்டோ சுலபம் என்று சொன்னால் அது ஏமாற்று. ஆங்கிலத்துக்கு மாற்றாக வந்த மொழி, நம் ஊரில் ஆங்கிலத்தின் தோளில் ஏறித்தான் உள்ளே வர முடிகிறது.

பிலிப்பினோவுக்கு வருவோம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம் தகாலோக்குக்கு 44 வாரம், சுமார் 1100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அதே பட்டியலின் அதே வகுப்பில்தான் தமிழும் நிற்கிறது. அமெரிக்கருக்கு நாமும் அவர்களும் ஒரே அளவு கஷ்டம். இதை வைத்து நமக்கு அவர்கள் எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் பொழுதுபோக்காக முடிகிற வேலையில்லை என்பது மட்டும் தெரியும்.

கஷ்டம் முழுவதும் வினையில் குடியிருக்கிறது. 'பிலி' என்றால் வாங்குதல். வாங்கினாள் என்பதற்குப் புமிலி: வேரின் முதல் எழுத்துக்குப் பின்னால், வயிற்றுக்குள், ஓர் 'உம்' புகுந்துகொள்கிறது. வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்றால் முதல் அசை இரட்டித்துப் புமிபிலி. வாங்கப்போகிறாள், பிபிலி. காலம் என்பதைவிட, செயல் முடிந்ததா, நடக்கிறதா, தொடங்கவில்லையா என்பதையே இவை சொல்கின்றன. முடிந்ததென்று நினைக்கும்போது பினிலி, பினிபிலி, பிபில்ஹின் என்று இன்னொரு வரிசை எதிரே வந்து நிற்கும். வாங்கிய இடத்தை முன்னிறுத்த மூன்றாவது வரிசை வேறு. புத்தகத்தை மூடிவைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மூடுகிறார்கள்.

தமிழர் மூட வேண்டியதில்லை என்பது என் வாதம். 'புமிலி அங் பபாயே நங் நியோக்' என்றால் பெண் தேங்காய் வாங்கினாள், ஏதோ ஒரு தேங்காய். 'பினிலி நங் பபாயே அங் நியோக்' என்றால் பெண் தேங்காயை வாங்கினாள், நாம் பேசிக்கொண்டிருந்த அந்தத் தேங்காய். ஆங்கிலேயருக்கு இதை விளக்க ஆசிரியர்கள் ஒரு அத்தியாயம் எழுதுகிறார்கள், செய்வினை செயப்பாட்டுவினை என்று சொல்லிக் குழப்பிவிட்டு, பிறகு அப்படி இல்லை என்று திருத்துகிறார்கள். நமக்கோ 'தேங்காய் வாங்கினாள்', 'தேங்காயை வாங்கினாள்' என்ற வேறுபாடு தாய்ப்பாலோடு வந்தது. நாம் அதை உருபில் காட்டுகிறோம், அவர்கள் வினையில் காட்டுகிறார்கள். எல்லா இடத்திலும் இது ஒன்றுக்கொன்று பொருந்திவிடாது, ஆனாலும் கதவைத் திறக்க இந்தச் சாவி போதும். எஸ்பெராண்டோவில் நம்மைத் தடுக்கி விழவைக்கும் அதே பழக்கம் பிலிப்பினோவில் கைகொடுக்கிறது. தமிழ் வழியாகப் பிலிப்பினோ கற்பிக்க யாராவது புத்தகம் எழுதினால் முதல் பாடம் இதுவாக இருக்க வேண்டும்.

வினை முதலில் வந்து விழுவது நமக்குத் தலைகீழ்தான், பழக நாளாகும். அழுத்தம் மாறினால் பொருள் மாறும்: 'பாசா' வாசிப்பு, 'பசா' ஈரம். தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பவருக்கு 'ப' எங்கே ஒலிப்புள்ளது, எங்கே இல்லாதது என்று தெரியாது. இங்கேதான் திருவனந்தபுரத்துக்காரருக்குத் திருநெல்வேலிக்காரருக்கு இல்லாத வசதி. மலையாள எழுத்தில் குறித்துக்கொண்டால் அந்தக் குழப்பமே எழாது. காபிச் சங்கடமும் இல்லை. அவர்களும் 'ஃப'வைப் 'ப' ஆக்குகிறவர்கள்தான், காபி அங்கே காப்பே.

இலக்கணப் புத்தகத்தைத் தாண்டி, ஆளோடு ஆள் பேசும்போது வரும் இலக்கணம் ஒன்று உண்டு. நாம், நாங்கள் என்று பிரிக்காமல் நமக்குப் பேச வராது. மலையாளத்திலும் நம்மள், ஞங்ஙள். பிலிப்பினோவிலும் தாயோ, கமி என்று அதே பிரிவு. எஸ்பெராண்டோவில் இரண்டுக்கும் 'நி' மட்டும். கேட்பவரை உள்ளே சேர்க்கிறோமா, வெளியே நிறுத்துகிறோமா என்பது அந்த மொழியில் தெரியாது. வயதில் மூத்தவரைப் பிலிப்பைன்ஸ்காரர் ஆத்தே, கூயா என்பார், நம் அக்கா, அண்ணா போல. முன்பின் தெரியாத கடைக்காரரையும் அப்படியே அழைக்கலாம். மரியாதைக்கு வாக்கியத்தில் ஒரு 'போ' சேர்த்தால் போதும். வார்டில் மூத்த பிலிப்பைன்ஸ் நர்சை நம் ஊர்ப் பெண் 'ஆத்தே' என்று கூப்பிட ஆரம்பித்தால் அங்கே உறவே வேறாகிவிடும். நான் கேட்ட வளைகுடாக் கதைகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

எஸ்பெராண்டோவுக்கு இந்த இடத்தில் ஒரு மதிப்பெண் தராமல் போவது நியாயமில்லை. அதில் முன்னிலைக்கு 'வி' ஒன்றுதான். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் அதே வி. யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது என்று சாதியும் பணமும் பார்த்துக் கணக்குப் போட்ட ஊர்களுக்கு அது ஒரு விடுதலையாகவே தோன்றலாம். மறுபக்கம், தந்தை என்ற சொல்லோடு ஒட்டுச் சேர்த்துத் தாயைச் செய்யும் மொழியும் அதுவே: பாத்ரோ, பாத்ரீனோ. பெண்ணை ஆணிலிருந்து வரவழைத்ததை இன்று அந்தச் சமூகத்தினரே விவாதிக்கிறார்கள். பிலிப்பினோவில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே 'ஷா'. சமத்துவத்தைத் திட்டமிட்டுச் செய்த மொழியைவிட, அதைத் திட்டமிடாத மொழி இந்த ஒரு விஷயத்தில் முந்தியிருக்கிறது.

சரி, பேசுவது யாரோடு? தமிழ் வானொலி நேயர்களில் பழையவர்களுக்கு ஒரு நினைவு இருக்கும். சிற்றலையில் சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டவர்கள் எத்தனை பேர்! அதே சீன வானொலி எஸ்பெராண்டோவிலும் ஒலிபரப்பியது. மணிலா அருகே கேசோன் நகரிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி வந்தது. ஈழத்தில் அதைக் காத்திருந்து கேட்ட வீடுகள் ஏராளம். 2018இல் சிற்றலையை நிறுத்திவிட்டு அது இணையத்துக்கு மாறியது. எஸ்பெராண்டோவும் பிலிப்பைன்ஸும் தமிழுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து போயிருக்கின்றன, ஆனால் நம்மில் யாரும் அந்த மொழிகளைக் கற்க அது காரணமாகவில்லை. அவர்கள் நம் மொழியில் வந்தார்கள், நாம் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

எஸ்பெராண்டோ பேசுவோர் எத்தனை பேர் என்பதற்குச் சில பத்தாயிரத்திலிருந்து இருபது லட்சம் வரை மதிப்பீடுகள் உண்டு. மதிப்பீடு இவ்வளவு அகலமாக இருப்பதே ஒரு தகவல். அவர்கள் உலகமெங்கும் தூவிக் கிடக்கிறார்கள். ஆண்டுதோறும் மாநாடு, ஒருவர் வீட்டில் ஒருவர் இலவசமாகத் தங்கும் 'பாஸ்போர்த்தா செர்வோ' ஏற்பாடு, இணையத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல் கட்டுரை கொண்ட விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியாவைவிட அது பெரியது, தகாலோக் விக்கிப்பீடியாவைவிட மிக மிகப் பெரியது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் எஸ்பெராண்டோவில் உழைக்கும் கைகள் நிறைய. இந்தியாவிலும் ஆழமான வேர் இருக்கிறது. கொல்கத்தாவின் மொழியியலாளர் புரோபால் தாஸ்குப்தா 2007 முதல் 2013 வரை உலக எஸ்பெராண்டோ சங்கத்தின் தலைவர். வினோபா பாவே எஸ்பெராண்டோ கற்றவர். அதே வினோபாவுக்குத்தான் 1958இல், மணிலாவில் தொடங்கிய மகசேசே விருது அதன் முதல் ஆண்டிலேயே கிடைத்தது. பாதயாத்திரையில் நாடு முழுவதும் நடந்தவர் ஒரு பிலிப்பைன்ஸ் விருதையும் ஓர் உலக மொழியையும் சேர்த்துச் சம்பாதித்தார்.

ஆனால் திருவனந்தபுரத்தில் நடமாடும் ஒருவர் எஸ்பெராண்டோவை எங்கே கேட்பார்? திரையில்தான். பிலிப்பினோவை வளைகுடாவில் வார்டில், கடையில், விமானத்தில் கேட்கலாம். கப்பலேறும் நம் தூத்துக்குடி, கொல்லம் பையன்கள் தளத்தில் கேட்பார்கள், உலகக் கப்பல்களில் வேலை செய்வோரில் பெரும் பங்கு பிலிப்பைன்ஸ்காரர்கள். 2020 கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள்தொகை 10.9 கோடி. வீட்டில் தகாலோக் பேசுவது பத்துக்கு நான்கு குடும்பம்தான், மற்றவர்கள் இரண்டாவது மொழியாகப் பேசுகிறார்கள்.

பிலிப்பினோவுக்கு எதிரான வலுவான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்டோடு பழக அது தேவையே இல்லை. திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை லாஸ் பான்யோசில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். அந்த நிலையம் இயங்குவது ஆங்கிலத்தில். பிலிப்பைன்சில் ஆங்கிலமும் ஆட்சிமொழி. நாம் முயன்று இரண்டு வாக்கியம் பேசினால் பதில் ஆங்கிலத்தில் வரும். மணிலாப் பேச்சே பாதி ஆங்கிலம், சென்னைப் பேச்சு மாதிரிதான். மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் போன டாவோ நகரிலோ நிலைமை இன்னும் சிக்கல். அங்கே தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் அதிகம் கேட்பது செபுவானோ என்கிற பிசாயா. வகுப்பு ஆங்கிலத்தில், நோயாளி பிசாயாவில். ஏஜெண்ட் பேச்சைக் கேட்டுப் பிலிப்பினோ படித்துப் போனால் நோயாளியின் வயிற்றுவலி புரியாது. பிலிப்பினோ வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் எந்த ஊருக்குப் போகிறோம் என்று பார்க்க வேண்டும்.

நடுநிலை பற்றி எஸ்பெராண்டோக்காரர்கள் நிறையப் பேசுவார்கள், பேச உரிமையும் உண்டு. அந்த மொழிக்கு நாடில்லை, படையில்லை. 1920களில் சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அது ஏறாமல் தடுத்தது பிரான்ஸ். ஹிட்லர் அதை யூதச் சதி என்றார், ஸ்டாலின் காலத்தில் எஸ்பெராண்டோக்காரர்கள் சிறைக்கும் சாவுக்கும் போனார்கள். சாமென்ஹோஃபின் மகள் லிதியா 1942இல் திரெப்ளிங்கா முகாமில் கொல்லப்பட்டார். இவ்வளவு விலை கொடுத்த மொழியைப் பொழுதுபோக்கு என்று தள்ள எனக்கு மனம் வராது.

பிலிப்பினோவுக்கு அந்தத் தூய்மை இல்லை. தகாலோக்குக்குத் தேசிய உடுப்பு மாட்டிவிட்டார்கள் என்று செபுவானோ பேசுவோர் சொல்வது தமிழர் காதுக்குப் புதிதல்ல. கேசோன் அறிவித்த அதே 1937இல்தான் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவரப்போவதாகச் சொன்னது, மறு ஆண்டே தெரு கொதித்தது. எனவே பிலிப்பினோவைப் பரிந்துரைக்கும் தமிழன் கொஞ்சம் நெளிந்துகொண்டுதான் பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது. நான் நெளிகிறேன். ஆனாலும் நடந்தது ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் கொண்ட தீவுகளிலிருந்து வந்த இலோக்கானோக்காரரும் பிசாயாக்காரரும் ரியாத்தில் ஓர் அறையில் தங்கினால் பேசிக்கொள்வது அந்த மொழியில்தான். பள்ளிக்கூடம் பாதி, சினிமாவும் டிவியும் பாதி, அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. தாய்மொழி வேறான அந்நியர்களுக்கு நடுவே பொதுமொழி என்பது சாமென்ஹோஃபின் கனவு. அதைப் பெரிய அளவில், குறைகளோடு, நடத்திக்காட்டியது பிலிப்பினோ.

இலக்கியம், சினிமா என்று பார்த்தால் சுருக்கமாக முடித்துவிடலாம். எஸ்பெராண்டோவுக்கு வில்லியம் ஆல்டின் 'லா இன்ஃபானா ராசோ' என்ற நெடுங்கவிதை உண்டு, 1956இல் வந்தது. அது விளையாட்டு முயற்சி இல்லை. சினிமாவில் 1966இல் வில்லியம் ஷாட்னர் நடித்த 'இன்கூபஸ்' என்ற பேய்ப்படம் உண்டு, அதன் உச்சரிப்பைக் கேட்டு எஸ்பெராண்டோக்காரர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். பிலிப்பினோ பக்கம் லீனோ புரோக்காவின் 1975ஆம் ஆண்டு மணிலாப் படம், 2016இல் வெனிசில் தங்கச் சிங்கம் வாங்கிய லாவ் தியாஸ். டிசம்பரில் தம்பானூர் கைரளி தியேட்டரில் திரைப்பட விழாவுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாவ் தியாஸ் படத்தை நான்கு மணி நேரம் வசன எழுத்தை நம்பிப் பார்ப்பதற்கும், பாதி வசனம் காதிலேயே புரிவதற்கும் வித்தியாசம் அதிகம்.

இன்னும் ஒரு வாதம் மிச்சம், எஸ்பெராண்டோவின் கையிலுள்ள சிறந்த வாதம் என்று பலரும் கருதுவது. முதலில் எஸ்பெராண்டோ கற்றால் அடுத்த மொழி சீக்கிரம் வரும் என்கிறார்கள். ஜெர்மனியில் பாடெர்போர்னில் ஹெல்மார் ஃபிராங்க் 1970களில் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார். முதலில் எஸ்பெராண்டோ, பிறகு ஆங்கிலம் என்று படித்த பிள்ளைகள் முந்தினார்கள் என்று அறிவித்தார். ஆர்வமுள்ள ஆசிரியர், ஆர்வமுள்ள வகுப்பு, ஐரோப்பிய மொழியிலிருந்து ஐரோப்பிய மொழிக்கு என்று அந்தச் சோதனைகளின் மேல் கேள்விகள் உண்டு. அவற்றை ஏற்றுக்கொண்டே பேசுவோம். அந்தப் பயனின் உள்ளடக்கம் என்ன? ஒரே மொழிக்குள் வளர்ந்த பிள்ளைக்கு, உலகத்தை இன்னொரு விதமாகவும் அடுக்கலாம் என்று தெரிகிறது, இன்னொரு மொழி தன்னால் முடியும் என்ற தைரியம் வருகிறது. அந்தத் தைரியம் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்த பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் வந்துவிடுகிறது. வ.அய். சுப்பிரமணியம் மொழியியலை வளர்த்த ஊர் இது, இந்த ஊர்க்காரருக்கு மொழிகள் பல வகை என்று நிரூபிக்க ஒரு செயற்கை மொழி தேவைப்படவில்லை. எஸ்பெராண்டோ தரும் மிகப் பெரிய லாபம் நமக்கு ஏற்கெனவே கைக்கு வந்த பணம்.

என் தராசு சாய்வது இந்த இடத்தில்தான். எளிமையில் எஸ்பெராண்டோ வெல்கிறது, நெருங்கக்கூட விடாமல் வெல்கிறது. எழுத்துலகத்திலும் வெல்கிறது. ஆனால் எளிமைக்கு அதிக விலை கொடுக்க வேண்டியவர் நாம் இல்லை. நமக்குக் குறைவாக இருப்பது, ஆசியாவின் அந்தப் பக்கத்து மக்களோடு ஆங்கிலமும் மேலாளரும் நடுவில் நிற்காமல் பழகுவது. பதில் ஆங்கிலத்தில் வரும் என்று மேலே சொன்ன வாதம் இதை உடைப்பதில்லை. முதல் மாதம் ஆங்கிலத்தில் பதில் வரும், ஆத்தே என்று கூப்பிட்டு இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேசுகிறவருக்குச் சீக்கிரமே அவர்கள் மொழியில் பதில் வரத் தொடங்கும். மலையாளம் பேச முயன்ற எந்தத் தமிழருக்கும் இந்த ஊரில் அந்த அனுபவம் உண்டு.

ஆகவே ஒன்றே ஒன்று என்றால் பிலிப்பினோ. பிலிப்பைன்ஸ்காரர் யாரையும் வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை என்று உறுதியாக இருப்பவர், பயணம் முடியாதவர், இலக்கணத்தின் அழகுக்காகவே மொழி படிப்பவர், கடிதத் தொடர்பில் இன்பம் காண்பவர் ஆகியோருக்கு எஸ்பெராண்டோ. அவர்களுக்கு மூன்று மாதம் போதும், வீணாகாது. டாவோவுக்குப் போகிறவர் இரண்டையும் விட்டுப் பிசாயா கேட்டு வாங்க வேண்டும்.

பிலிப்பினோ தொடங்குகிறவர் பெரிய அகராதியோடு தொடங்க வேண்டாம். 'பிலி' என்ற ஒரே வினையை எல்லா வடிவத்திலும் மலையாள எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். பிறகு வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் நர்ஸ் யாராவது உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பார். அவரிடம் போய், உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் அக்காமார் தேங்காய் வாங்கினால் எப்படிச் சொல்வார்கள் என்று கேளுங்கள். வகுப்புக்குப் பணம் கட்டுவதை அதன் பிறகு யோசிக்கலாம்.